திண்டுக்கல் பக்கம் மரக்காளான் தேடி ஒரு செவ்வாய்க்கிழமை

திண்டுக்கல்லுக்குப் போகிறேன் என்று சொன்னதும் கடையில் என்னோடு வேலை செய்யும் மூன்று பேரும் ஒரே குரலில் "பிரியாணியா?" என்றார்கள். காளான் என்றேன். "காளான் பிரியாணியா?" என்றார்கள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. மரத்தில் முளைக்கும் காளானைப் பார்ப்பதற்காக மட்டும் நூறு கிலோமீட்டர் பேருந்தில் போகிறவள் என்று தெரிந்தால், மூக்குக் கண்ணாடி மாட்டிவிடும் வேலையில் என்னை நம்பமாட்டார்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு முழங்காலால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகு தினமும் நடக்க வேண்டும், ஆனால் மெதுவாக, தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்றார்கள். திருச்சியில் எங்கள் தெருப் பூங்காவில் அப்படி நடந்தபோது, வெட்டிப் போட்ட ஒரு அடிமரத்தில் வெள்ளை விசிறிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதுவரை அந்தப் பூங்காவில் நூறு முறையாவது நடந்திருப்பேன். வேகமாக நடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கடையிலிருந்து ஒரு பழைய உருப்பெருக்கி லென்ஸை எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு விசிறிக்கும் அடியில் மடிப்பு மடிப்பாகப் பட்டுப் பாவாடை போல இருந்தது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

திண்டுக்கல்லுக்கு அழைத்தது நூர்ஜகான். கல்லூரியில் என் பெஞ்சு. இப்போது பேகம்பூரில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். சின்னாளபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகளைக் கொடுக்கப் போனவள், வழியில் ஒரு கண்மாய்க்கரைத் தோப்பைப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "உனக்குப் பிடிச்ச கண்றாவி இங்க நெறையா இருக்கு." ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு வார விடுமுறை. கிளம்பிவிட்டேன்.

காலை ஆறேகாலுக்குத் திருச்சியில் பேருந்து. கட்டணம் தொண்ணூற்றைந்து ரூபாய். எட்டரைக்கெல்லாம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இருந்தேன். நூர்ஜகான் ஒரு ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தாள். ஓட்டுநர் சேசுராஜ், அவள் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மாலை வரைக்கும் காத்திருந்து திரும்பக் கொண்டுவிட ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசியிருந்தாள்.

"எங்கிட்டுக்கா போகணும்?" என்றார் சேசுராஜ்.

"காளான் பாக்க."

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கா? இம்புட்டு நேரத்துக்கு ஏலம் முடிஞ்சிருக்குமேக்கா. இங்க பஸ் ஸ்டாண்டு பக்கமே பாக்கெட்டுல கெடைக்கும்."

"வாங்க இல்ல, பாக்க," என்றாள் நூர்ஜகான். சேசுராஜ் கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

முதல் நிறுத்தம் ஊருக்குள்ளேயே. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் சில பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. காளான் பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, ஒரு வயதான மரமும் கொஞ்சம் ஈரமும் போதும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மரத்தின் பட்டுப்போன கிளை கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அதில் பழுப்பு நிறத்தில், தொட்டால் குளிர்ந்து வழவழப்பாக, மடலும் மடிப்புமாகக் காது போன்ற காளான்கள். ஊரில் இதற்குப் பெயர் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நான் மரக்காது என்று வைத்துக்கொண்டேன். வெயில் அடித்தால் கறுத்துச் சுருங்கி, காய்ந்த மிளகாய் போல ஆகிவிடும். மறுபடி மழை பெய்தால் ஊறிக் காதாகிவிடும். ஆட்டோவுக்குள் இருந்தபடியே சேசுராஜ் கேட்டார்: "அக்கா, அதுக்குக் கேக்குமா?"

அங்கிருந்து மதுரைச் சாலையில் போய், சின்னாளபட்டியைத் தாண்டி ஆத்தூர் பக்கம் திரும்பினோம். மொத்தம் பத்தொன்பது கிலோமீட்டர். சின்னாளபட்டித் தெருக்களில் மழை விட்ட தைரியத்தில் சாயம் போட்ட நூலைக் காயப் போட்டிருந்தார்கள். நூர்ஜகான் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சேலைக்கடை வாசலில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏற முடியும் என்று எனக்குத் தெரியும் என்பதால் இரண்டு இடத்திலும் நான் செவிடாகிவிட்டேன். தோப்பு இருக்கும் கிராமத்தின் பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை. மருந்துக்கென்று மரக்காளானைச் சுரண்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு வழி காட்ட எனக்கு விருப்பமில்லை.

தோப்பு பஞ்சாயத்துக்குச் சொந்தம். வேலி கிடையாது, யாரும் போகலாம். கரையோரமாக முக்கால் கிலோமீட்டருக்குப் புளி, மருதம், வாகை, நாவல் எல்லாம் கலந்து நிற்கின்றன. ஆடு மேய்க்கிறவர்கள் சாப்பிட உட்காரும் இடம். கண்மாயில் பாதித் தண்ணீர் வந்திருந்தது. நாங்கள் போனபோது இரண்டு கொக்கும், சைக்கிளைச் சாத்திவிட்டுத் தூண்டில் போட்ட ஒருவரும் இருந்தார்கள். சேற்றில் கால் அழுந்தியது. நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டேன். நூர்ஜகான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கரைக்கு நடுவில் ஒரு வாகை மரம் எப்போதோ விழுந்து, அப்படியே கிடந்தது. மினி பேருந்து நீளம் இருக்கும். அதன் முன்னால் முட்டி போட முடியாததால் உட்கார்ந்தே விட்டேன். என்ன இல்லை அதில்? பட்டை முழுவதும் எனக்குப் பழக்கமான வெள்ளை விசிறிகள். வெயில் படும் பக்கம் செங்காவி நிறத்தில் தட்டுத்தட்டாக ஒரு காளான். ஈரமான விரிசல்களிலிருந்து மஞ்சள் நாக்குகள் எட்டிப் பார்த்தன. இன்னொரு பக்கம் கரி உருண்டைகள். அடுப்பிலிருந்து உருண்டு வந்ததுபோல அப்படி ஒரு கறுப்பு. தொட்டால் விரலில் மை. ஏற்கெனவே உடைந்து கிடந்த ஒன்றின் உள்ளே வெள்ளியும் சாம்பலுமாக வளையம் வளையமாக இருந்தது.

நான் பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, காளானுக்கு அடியில் நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். பறிக்காமல் அடிப்பக்கத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. நூர்ஜகான் கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவை எடுத்துச் செங்காவித் தட்டுகளை அளந்தாள். "இந்தக் கலருக்கு ஒரு லைனிங் துணி நாலு மாசமாத் தேடுறேன் சுமதி," என்றாள். பிறகு அவளே ஒரு பந்தயம் வைத்தாள். இனி யார் புது ரகத்தை முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு மற்றவள் டீயும் பணியாரமும் வாங்கித் தர வேண்டும்.

நான் அனுபவசாலி என்ற தைரியத்தில் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். அவள் குனிந்தபடியே வந்தாள். செத்த நேரத்தில், "ஏ, இங்க வா. யாரோ கேப்பைய எண்ணி எண்ணி வச்சிருக்காக," என்றாள். மக்கிய குச்சி ஒன்றில் பயறு அளவுக்குச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் கடுகு போல நான்கைந்து முட்டைகள். குருவிக்கூட்டுக் காளான். படங்களில் மட்டும் பார்த்திருந்தேன். மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் அந்த முட்டைகள் தெறித்துப் போய் வேறு இடத்தில் முளைக்கும். நான் லென்ஸை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். ஆட்டோவில் போன் பார்த்துக்கொண்டிருந்த சேசுராஜும் இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார்.

ஆக டீ என் செலவு. நூர்ஜகான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சோற்றைக் கரையிலேயே சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு, மூன்றரை மணிக்குத் தோப்பு முடிந்து சாலை தொடங்கும் இடத்துக்கு வந்தோம். அங்கே ஒரு பெரிய புளிய மரம். தோப்பிலேயே வயதானது அதுதான் என்று நினைக்கிறேன், மூன்று பேர் கை கோத்தால்தான் அணைக்க முடியும். அதன் அடியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் பாண்டியம்மாள், நாற்பதைத் தாண்டியவர், கணவர் லாரி ஓட்டுகிறார், கடையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். எதிரிலேயே பேருந்து நிற்கும் இடம் என்பதால் மரத்தடியில் ஒரு நீண்ட மரப் பெஞ்சு போட்டிருந்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க," என்று பெஞ்சைத் துணியால் துடைத்தார். துணியில் காபிப்பொடி நிறத்தில் ஒரு தூள் அப்பிக்கொண்டு வந்தது. "என்னா எழவோ தெரியல. எம்புட்டுத் தொடச்சாலும் காலைல வந்தா மறுபடி கெடக்கு. டப்பா மேல, கூரை மேல, எல்லாத்துலயும். ரோட்டுப் புழுதின்னா மழையில அடங்கணும்ல. இது மழை பேஞ்சா இன்னும் சாஸ்தியா வருது."

எனக்கு வாயில் வைத்த பணியாரம் அப்படியே நின்றது. எழுந்து மரத்தைச் சுற்றிப் போனேன். பின்பக்கம் வேருக்கு மேலே, காலி சோடாப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். அவற்றுக்கும் மரத்துக்கும் இடையில் லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. முறம் அகலத்துக்கு ஒரு காளான். மேல்புறம் அரக்குச் சிவப்பில் வார்னிஷ் அடித்தது போல மினுமினுப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. அதற்குக் கீழே இன்னும் மூன்று. சுற்றிலும் அந்தக் காபிப்பொடி. காளானின் விதைத் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு தட்டும் சேர்ந்து இரவெல்லாம் கொட்டியதைத்தான் பாண்டியம்மாள் காலையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சந்தோஷம்தான். இவ்வளவு பெரிதை நான் பார்த்ததில்லை. நூர்ஜகானைக் கூப்பிட்டு நாடாவை வைக்கச் சொன்னேன். ஒன்றேகால் அடி. படம் எடுத்தேன். படத்தைச் சரிபார்க்கும்போதுதான் படித்தது நினைவுக்கு வந்தது. பட்ட கட்டையில் வருகிற காளானால் யாருக்கும் பாதகம் இல்லை. உயிருள்ள மரத்தின் வேரடியில் இந்த ரகம் வந்திருந்தால் உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அண்ணாந்து பார்த்தேன். மரத்தின் மிகப் பெரிய கொம்பு நேராகப் பெஞ்சுக்கு மேலே போய்ச் சாலை வரை நீண்டிருந்தது.

நூர்ஜகானிடம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பப் பேசாம வா. அந்தம்மா பொழப்பே இந்த நெழலுதான். நீ பாட்டுக்கு ஒண்ணு சொல்லிட்டுத் திருச்சிக்குப் போயிருவ. நாளைக்கு யாராச்சும் மரத்த வெட்டுனா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. மரத்துக்கு இருநூறு வயதுகூட இருக்கலாம். உள்ளே பொந்து விழுந்தபடியே இன்னும் ஐம்பது வருடம் நிற்கும் மரங்களும் உண்டு. சொன்னால் ஒரு மரம் போகலாம். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. பணியாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், சாப்பிடவில்லை. அப்போது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், பைகளை எறிந்துவிட்டுப் பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் வேரில் உட்கார்ந்தார்கள்.

பேசாமல் வா என்ற நூர்ஜகான் நேராக அடுப்படிக்குப் போனாள். "ஏங்க, உங்க மரத்துக்கு ஒடம்பு சரியில்லையாம்."

"மரத்துக்கா? யாரு சொன்னா?"

"இவதான். திருச்சியில கண்ணாடிக் கடையில இருக்கா."

"கண்ணாடிக் கடைக்காரவுகளுக்கு மரத்தப் பத்தி என்னா தெரியும்?" என்றார் பாண்டியம்மாள். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். காளானைக் காட்டினேன். தூள் எங்கிருந்து வருகிறது என்று சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. தினமும் துணியில் பார்க்கிற சங்கதி அல்லவா.

சேசுராஜ் வண்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து வந்தார். தோப்புப் பக்கம் மரத்தைத் தட்டினார். டக் டக் என்று கெட்டியான சத்தம். அப்படியே தட்டிக்கொண்டு சாலைப் பக்கம் வந்தார். சத்தம் மாறியது. காலிப் பானையைத் தட்டியது போலத் தொம் என்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் நான்கு பேரும் சிரிக்கவில்லை.

பாண்டியம்மாள் இடுப்பில் கை வைத்துக் கொம்பை அண்ணாந்து பார்த்தார். "இப்பவே விழுகுமா?"

"தெரியலைங்க. நாளைக்கும் விழலாம், நாப்பது வருசம் கழிச்சும் விழலாம். நான் மர டாக்டர் இல்ல."

"ஆரும் டாக்டரு இல்லல்ல இங்க," என்றார். பிறகு, "பெஞ்ச மட்டும் மாத்துறேன். அடுப்ப மாத்த மாட்டேன். ஏலே, எல்லாரும் எந்திரிங்க."

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு நடுத்தரமான புங்க மரம் நின்றது. பிள்ளைகளே பெஞ்சைத் தூக்கிப் போனார்கள். சேசுராஜ் ஒரு கை கொடுத்தார். நான் ஊன்றுகோலைப் பிடித்தபடி சாலையில் நின்று வண்டிகளை நிறுத்தினேன், அந்த ஒரு வேலைதான் என் காலுக்கு முடிந்தது. பெஞ்சு ஒரு பக்கம் ஆடியது. நூர்ஜகான் கல் தேடி அடியில் வைத்தாள். பாண்டியம்மாள் பணியாரத் தட்டோடு சாலையைக் கடந்து வந்து, "இனி ஒவ்வொரு டீக்கும் நான் ரோட்டத் தாண்டணும். நல்லா வந்து சேந்தீகக்கா," என்றார். கோபம் போலத்தான் சொன்னார். ஆனால் இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை. போன் நம்பர் கேட்டார், கொடுத்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் வீண் பயம் காட்டிவிட்டோமோ என்று எனக்கு உறுத்தல். பேகம்பூரில் நூர்ஜகான் வீட்டில் இறங்கும்போதுதான் சேசுராஜ் கேட்டார்: "அக்கா, எங்க வீட்டு வேம்புல ஒண்ணு வெள்ளையா இருக்கு. அடுத்த தடவ வந்தா செத்தப் பாக்குறீகளா?"

நீங்களும் போக நினைத்தால், தொடர் மழை ஓய்ந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் போங்கள். அதற்குப் பிறகு திண்டுக்கல் வெயில் எல்லாவற்றையும் அப்பளமாக்கிவிடும். காலை வெளிச்சம் நல்லது. கைக்கண்ணாடி, ஒரு சின்ன லென்ஸ், மூடிய செருப்பு, தண்ணீர் போதும். கட்டையைப் புரட்டுவதென்றால் முதலில் கோலால் தட்டிவிட்டுப் புரட்டுங்கள், பாம்புக்கும் அதே ஈரம்தான் பிடிக்கும். சிறுமலை அடிவாரம் போன்ற காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், கண்மாய்க்கரைகளும் சாலையோர மரங்களுமே ஒரு நாளுக்குத் தாராளம். பறிக்காதீர்கள். எதையும் தின்று பார்க்காதீர்கள், இணையத்தில் படம் ஒத்துப்போகிறது என்பதற்காக நிச்சயமாகத் தின்னாதீர்கள். உயிருள்ள மரத்தின் அடியில் தட்டுக்காளானைப் பார்த்தால், அந்த மரத்தடியில் உட்கார்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு முழுதாகத் தெரியாவிட்டாலும், தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்துப் பாண்டியம்மாள் கூப்பிட்டார். நாங்கள் போன மறுநாளே அடுப்பையும் புங்க மரத்தடிக்கு மாற்றிவிட்டாராம். "தூக்கம் வரலக்கா," என்றார், அவ்வளவுதான். பிறகு பஞ்சாயத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் முழு மரத்தையும் எடுத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். இவர் மறித்து நின்று, சாலைப் பக்கம் சாய்ந்த கொம்பை மட்டும் எடுங்கள், மற்றதைப் பாரம் குறைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார். கொம்பை அறுத்தபோது அடிப்பாகத்தில் ஆள் கை தோள்வரை போகும் அளவுக்குப் பொந்து. "உள்ள நனைஞ்ச ரஸ்க்கு மாதிரி இருந்துச்சுக்கா. வாளு வச்சவரு இந்தா இம்புட்டு மரத்துலதான் அது நின்னுருக்குன்னு ரெண்டு வெரலக் காட்டுனாரு." பிறகு சொன்னார்: "பிள்ளைக அம்புட்டுப் பேரும் அதுக்கு அடியிலதான் உக்காந்துக்கிட்டு இருந்துச்சுக."

மரம் இப்போதும் நிற்கிறது, ஒரு தோள் இல்லாமல். புதுத் துளிர் விட்டிருக்கிறதாம். மழைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்து ஆள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறாரோ இல்லையோ, பாண்டியம்மாள் ஒரு கம்பியால் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

வெட்டிய கொம்பை ஏலத்தில் எடுத்துப் போனவர்கள், பொந்து விழுந்த துண்டை மட்டும் விறகுக்கு ஆகாது என்று விட்டுப் போய்விட்டார்கள். அது புங்க மரத்தடியில் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. போன வாரம் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பட்டையின் ஓரமாக வெள்ளை விசிறிகள், ஒரு வரிசை, இப்போதுதான் விரிந்தவை. கூடவே குரல் பதிவு. பின்னணியில் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் இரைச்சல். அதற்கு மேலே பாண்டியம்மாள் சொல்கிறார்:

"அந்தக் கட்டையில ஒருத்தரையும் உக்கார விடலக்கா. ஏற்கெனவே ஆளு உக்காந்திருக்குன்னு சொல்லிட்டேன்."